கடனை அடைத்துவிட்டு வீட்டை விற்பதா, கடனோடு விற்பதா?

வீட்டுக்கடன் பாக்கியிருக்கும் வீட்டை விற்க இரண்டு வழி: முதலில் பணம் புரட்டிக் கடனை முடிப்பது, அல்லது வாங்குபவர் பணத்திலேயே அடைப்பது.

முதல் வழியில் விலை பேச நம் கை ஓங்கியிருக்கும். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் கேட்க முடியாது. மூலப் பத்திரங்களை 30 நாளில் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியுடையது என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி இது. அப்புறம்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பத்திரம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அடமானத்துக்கு, கடன் தீர்ந்தது என்று வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணமும் பதிய வேண்டும். அதுவரை வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் தீராததாகவே நிற்கும். வாங்குபவரின் வக்கீல் கண்ணில் முதலில் படுவதும் அதுதான்!

பாக்கி சின்னது என்றால் எனக்கு இந்த வழிதான் சரி. பெரிய பாக்கிக்கு வெளியில் வட்டிக்கு வாங்கி அடைப்பது வீண் வம்பு.

இரண்டாவது வழியில் கடனை மறைப்பதுதான் பெரிய தப்பு. வங்கியிடம் பாக்கித்தொகைக் கடிதம் வாங்கி, விற்பனை ஒப்பந்தத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள். அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்கக் கூடாது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் பிடிக்கும் 1 சதவீத வரி, முழு விலைக்கும் கணக்காகும். கடன் போக மிஞ்சும் தொகைக்கு மட்டும் அல்ல.