88 கட்டையா, 73 கட்டையா? தூக்கிப் போகிற அளவில் ஒரு வெயிட்டட் கீபோர்டு

மதுரையில் வெயிட்டட் கீபோர்டு, அதாவது கட்டைக்குள் பியானோ மாதிரி சுத்தியல் எடை வைத்த கீபோர்டு, தேடி வருகிறவர்களுக்கு இரண்டு ஆசைகள். கட்டை பியானோ மாதிரி கனமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கோ, மேலூர் பக்கம் ஒரு கச்சேரிக்கோ ஷேர் ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோகிற அளவிலும் இருக்க வேண்டும். "61 கட்டையிலேயே வெயிட்டட் வராதா சார்?" என்பதுதான் பெரும்பாலோரின் முதல் கேள்வி. கடைகளில் 61 கட்டையில் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே எடை இல்லாமல் ஸ்பிரிங் மட்டும் தள்ளித் தூக்குகிற லேசான கட்டைதான். அப்படியொன்று வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

நீளத்தைக் குறைத்தால் எடை குறையும் என்ற கணக்கு இங்கே சரியாக வராது. யமஹாவே இதைச் செய்து பார்த்தது. 88 கட்டை உள்ள பி-125 மாடலையே 73 கட்டையாகக் குறைத்து பி-121 என்று விட்டது. பி-125 11.8 கிலோ, பி-121 10 கிலோ. கீழே ஏழு, மேலே எட்டு என்று 15 கட்டைகளை இழந்து நாம் பெற்றது 1.8 கிலோவும் 21 சென்டிமீட்டரும்தான். ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் ஒரு சுத்தியல் எடை இருக்கிறது. அத்தனையையும் தாங்கும் அடிச்சட்டமும் கெட்டியாக இருந்தாக வேண்டும். அதனால் நீளத்தை வெட்டினாலும் பாரம் பெரிதாக இறங்குவதில்லை.

இப்போது கேசியோ சி.டி.பி-எஸ்110 மாடலைப் பாருங்கள். முழு 88 கட்டை, எடை 10.5 கிலோ. 73 கட்டை பி-121 மாடலைவிட அரைக் கிலோதான் கூடுதல். பி-121 முன்பின்னாக 29.5 சென்டிமீட்டர் அகலம், கேசியோ 23.2. ஆகவே 'காம்பாக்ட்' வேண்டுமென்றால் நீளத்தைவிட இந்த அகலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மாசி வீதிகளுக்குள் இருக்கிற பழைய வீடுகளின் ஒடுங்கிய மாடிப்படியில் 1.32 மீட்டர் நீளத்தைச் செங்குத்தாக நிறுத்தி ஏற்றிவிடலாம். பெட்டி அகலமாக இருந்தால்தான் திருப்பத்தில் சுவரில் இடிக்கும்.

சரி, 88 என்று முடிவான பிறகு ஆரம்ப விலையில் மூன்று பேர் போட்டிக்கு நிற்கிறார்கள்: கேசியோ சி.டி.பி-எஸ்110, யமஹா பி-145, ரோலண்ட் எஃப்.பி-10. யமஹா 11.1 கிலோ, அகலம் 26.8 சென்டிமீட்டர். ரோலண்ட் 12.3 கிலோ, அகலம் 25.8; நீளத்தில் மூன்றிலும் குட்டை இதுதான், 128 சென்டிமீட்டர் சொச்சம். ஆனால் உயரம் 14 சென்டிமீட்டர் என்பதால் பைக்குள் போட்டால் உப்பலாக இருக்கும்.

கைக்கு எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் தயக்கமில்லாமல் ரோலண்ட். பி.எச்.ஏ-4 ஸ்டாண்டர்டு என்று அவர்கள் சொல்கிற கட்டை அமைப்பு இது. மெதுவாக அமுக்கும்போது அடியைத் தொடுவதற்குச் சற்று முன் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரியும். நிஜப் பியானோவில் சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபடுகிற இடம் அது. கட்டையின் மேற்பரப்பு சொரசொரப்பானது, வியர்த்த கையிலும் வழுக்காது. சித்திரை மாதத்தில் ஃபேனுக்கு அடியில் வாசிக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறையும் உண்டு: வேகமாக வாசித்தால் கட்டை அடியில் மோதும் சத்தம் 'தொம் தொம்' என்று கேட்கும். ஹெட்போன் போட்டுக்கொண்டால் உங்களுக்குக் கேட்காது, கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கும். ஸ்டேண்டுக்கு அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு போடுங்கள்.

ஒல்லியான கீபோர்டுகள் ஒரு விஷயத்தில் விலை கொடுக்கின்றன. கட்டை ஒரு சீசா மாதிரி ஓர் அச்சில் ஆடுகிறது. பெட்டியின் அகலம் குறையக் குறைய அந்த அச்சு விரலுக்கு அருகில் வந்துவிடும். நுனியில் அமுக்கும்போது லேசாக இருக்கும் கட்டை, உள்ளே கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில் அமுக்கினால் கனத்துவிடும். சி மேஜரில் வாசிக்கிறவரை இது தெரியவே தெரியாது. ஈ மேஜர், பி மேஜர் என்று போனால் விரல்கள் உள்ளே போயே ஆக வேண்டும். அப்போது மெல்லிய ஸ்வரம் வராமல் போகும், அல்லது திடீரென்று ஓங்கி ஒலிக்கும். கேசியோவில் இது கூடுதலாகத் தெரிகிறது. யமஹாவும் 2023-இல் பழைய பி-45 மாடலின் ஜி.எச்.எஸ் கட்டையை மாற்றி, பி-145 மாடலில் ஜி.எச்.சி என்ற அடக்கமான அமைப்பைப் போட்டபோது இதே பக்கம்தான் நகர்ந்தது. கடையில் சோதிக்கும்போது கட்டையின் நுனியில் மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஆனாலும் ஊர் ஊராக வாசிக்கப் போகிறவருக்கு நான் கேசியோவைத்தான் சொல்வேன். காரணம் கரண்ட். சி.டி.பி-எஸ்110 ஆறு பென்சில் (ஏ.ஏ) பேட்டரியில் ஓடும். மற்ற இரண்டுக்கும் அடாப்டர் இல்லாமல் உயிரில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை முதல் மாலை வரை மின்தடை வரும் நாளில் வீட்டிலும் இது உதவும். கிறிஸ்மஸ் சமயத்தில் தெருத்தெருவாகப் பாடிப் போகிற குழுவுக்கும், ஜெனரேட்டரை நம்பிய கிராமத்து மேடைக்கும் சொல்லவே வேண்டாம்.

மேடை என்றதும் இன்னொன்று. இந்த மூன்றிலுமே மிக்சருக்குப் போகத் தனி லைன் அவுட் கிடையாது. ஹெட்போன் துளையிலிருந்துதான் வயர் இழுக்க வேண்டும். செருகியதும் சொந்த ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். வாரா வாரம் மைக் செட்டில் இணைக்கிறவர் கொஞ்சம் கூடப் போட்டு கேசியோவின் பிரிவியா பி.எக்ஸ்-எஸ்1100 வாங்கலாம். அதே 23.2 சென்டிமீட்டர் அகலம், 11.2 கிலோ, இடம் வலம் என்று தனி லைன் அவுட், பேட்டரி வசதியும் உண்டு. பெடலை அழுத்திக்கொண்டு நிறைய வாசிக்கும்போது ஒலிகள் அறுபடாமல் இருக்க இது ஒரே நேரத்தில் 192 ஒலிகள் தாங்கும்; சி.டி.பி-எஸ்110, பி-145 இரண்டும் 64, எஃப்.பி-10 96. சர்ச்சுப் பாட்டுக்கு 64 போதும் என்றுதான் நினைக்கிறேன்.

பாடுகிறவர் சுருதியை மாற்றினால், கட்டைகளின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் அதற்கென்று தனிப் பொத்தான் இருக்காது. ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு கட்டையை அமுக்க வேண்டும். பாட்டு நடுவில் இது தொல்லை.

இவற்றில் எதையுமே வாங்கக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். பிள்ளை லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வான டிரினிட்டி கிரேடு படிக்கிறது என்றால், பியானோவா எலெக்ட்ரானிக் கீபோர்டா என்று டீச்சரிடம் முதலில் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு பாடத்திட்டம். எலெக்ட்ரானிக் கீபோர்டு தேர்வுக்குத் தானாகத் தாளமும் பக்கவாத்தியமும் வாசிக்கும் ஆட்டோ ரிதம், ஸ்டைல் எல்லாம் வேண்டும். எடைக் கட்டைப் பியானோவை வைத்துக்கொண்டு அங்கே திண்டாட வேண்டும். லைட் மியூசிக்கில் நாதஸ்வரம், வீணை டோன் வாசிக்கிறவருக்கு, ஸ்வரத்தை வளைத்து இழுக்கும் பிட்ச் பெண்டு சக்கரம் இல்லாமல் வேலை ஓடாது. அது இந்த நான்கு மாடலிலும் இல்லை. கேசியோவின் பி.எக்ஸ்-எஸ்3100 மாடலில் உண்டு, ரிதமும் உண்டு. விலையும் அதற்கேற்ப ஏறும்.

தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு யமஹா என்.பி-35. 76 கட்டை, ஆறு கிலோவுக்குள், பேட்டரியிலும் ஓடும். ஆனால் அதன் கட்டையில் சுத்தியல் எடை கிடையாது. அதில் பழகிய விரல் நிஜப் பியானோவில் உட்கார்ந்ததும் அரை மணியில் சோர்ந்துவிடும். பியானோ கிரேடுக்குப் போகிற பிள்ளைக்கு இதை வாங்கித் தராதீர்கள்.

பழையது வாங்குவதானால் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, இடமிருந்து வலமாக 88 கட்டையையும் ஒரே விசையில் அமுக்கிப் பாருங்கள். நடுவில் இரண்டு ஸ்தாயியில்தான் தேய்மானம் அதிகம். அங்கே மட்டும் 'டக்' சத்தம் கூடுதலாக இருந்தால் உள்ளே சத்தத்தை அடக்கும் மெத்தைத் துணி (ஃபெல்ட்) தேய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ஒலியைக் கூட்டி, ஒரே கட்டையை மெதுவாகவும் ஓங்கியும் மாறி மாறி அமுக்குங்கள். மெதுவாக அமுக்கியும் ஓங்கி ஒலித்தால் சென்சாரில் கோளாறு. வெறும் அழுக்காகவும் இருக்கலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது போதும்.

பெட்டியோடு வரும் பெடல் பெரும்பாலும் சின்னச் சதுரத் தட்டு. கால் வைத்ததும் நழுவி ஓடும். பியானோ மிதி போன்ற வடிவத்தில் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேண்டு இரட்டைக் குறுக்குக் கம்பி உள்ளதாக இருக்கட்டும். பை வாங்கும்போது 76 கட்டைப் பையைத் தலையில் கட்டிவிடப் பார்ப்பார்கள். உள் நீளம் 133 சென்டிமீட்டராவது இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து வாங்குங்கள்.