ஒரே லேப்டாப், இரண்டு வேகம்: இங்க்ஸ்டிட்ச் அனுபவம்

பெருந்துறையில் எம்பிராய்டரி யூனிட் வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு அப்டேட் நின்றுவிட்டது. என் லேப்டாப் 11-ஐ ஏற்க மாட்டேன் என்கிறது. உங்களைப் போல லினக்ஸுக்கு மாறிவிடட்டுங்களா அண்ணா?" அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

திருப்பூரில் என் பட்டறை லேப்டாப்பில் விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் இரண்டும் இருக்கின்றன. இரண்டிலும் படம் வரையும் இங்க்ஸ்கேப், அதற்குள் அந்தப் படத்தை எம்பிராய்டரித் தையலாக மாற்றும் இங்க்ஸ்டிட்ச். குழந்தை ஃபிராக்குக்கு ஒரு மயில் வரைந்து, தையல் எப்படி விழும் என்று பார்க்க சிமுலேட்டரை அழுத்துகிறேன். மின்ட்டில் சட்டென்று திறந்துவிடுகிறது. விண்டோஸில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. தோகையில் தையல் கோணத்தை லேசாக மாற்றிவிட்டு அழுத்தினால், முதலிலிருந்து அதே வட்டம். ஒரு மயிலுக்குக் கோணத்தை எத்தனை தடவை மாற்றுவோம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இங்க்ஸ்டிட்ச் ஒவ்வொரு மெனு அழுத்தலுக்கும் தனி நிரலாகப் புதிதாகத் தொடங்கி, தனக்கு வேண்டிய கோப்புகளைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும். புதிய நிரலைத் தொடங்குவது லினக்ஸில் இலகுவான காரியம்; விண்டோஸில் அதற்கு வேலை அதிகம். கோப்பைத் திறக்கும்போதும் அப்படித்தான். வாளையார் செக்போஸ்ட்டில் முன்பெல்லாம் ஒவ்வொரு லாரியாக நிறுத்தித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தது போல, விண்டோஸோடு வரும் வைரஸ் காவலாளி டிஃபென்டர் இடையில் நின்று சோதிக்கிறது. மின்ட்டில் அப்படி யாரையும் நான் நிறுத்தி வைக்கவில்லை. அதன் வேகத்தில் ஒரு பங்கு அதனால் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தையல் கணக்குப் போடுவதில் விண்டோஸைக் குறை சொல்ல முடியாது. டி-ஷர்ட் முதுகை நிறைக்கும் பெரிய டிசைன் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான் எடுக்கின்றன. அங்கே உழைப்பது பிராசஸர். அது இரண்டுக்கும் பொது. டிஃபென்டரில் இங்க்ஸ்டிட்ச் இருக்கும் ஃபோல்டருக்குச் சோதனையிலிருந்து விலக்குக் கொடுத்தால் வட்டமும் சீக்கிரம் நிற்கிறது. ஆனால் ஊரெல்லாம் சுற்றிவரும் பென்டிரைவைச் செருகும் கம்ப்யூட்டரில் காவலைத் தளர்த்த எனக்கு மனம் வரவில்லை. விலக்கை எடுத்துவிட்டேன். வட்டம் திரும்பி வந்துவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பருக்குக் கொடுத்த பதில்: மாற வேண்டாம், விண்டோஸ் 11 ஓடும் லேப்டாப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பில் போடும் டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. மெஷின் சர்வீஸுக்கு வரும் பையனிடம் மின்ட் திரையைக் காட்டினால், என்னமோ பாம்பைக் காட்டியதுபோல நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறான். அதோடு நண்பர் டிசைனை வெளியே கொடுத்து மெஷின் படிக்கும் டிஎஸ்டி (DST) கோப்பாக வாங்கி மெஷினில் ஏற்றுகிறவர். அந்த வட்டம் அவர் கண்ணில் படப்போவதே இல்லை.

நான் மின்ட்டை விடுவதாக இல்லை. பில் போட வேண்டிய மாலைகளில் மட்டும் ரீஸ்டார்ட் செய்து, திட்டிக்கொண்டே விண்டோஸுக்குள் போகிறேன்.