இங்க்ஸ்கேப்பில் ஒரு வடிவத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பது: பல வருட அனுபவம்

தீபாவளி நெருங்கினால் பினாங்கில் பேரங்காடித் தரைகளில் நிற அரிசிக் கோலம் வந்துவிடும். அதற்கு வரைபடம் தயார் செய்து கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. மயிலோ தாமரையோ, எது கேட்டாலும் கடைசியில் அது சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்தாக வேண்டும், ஏனென்றால் கோலம் போட வருகிறவர்கள் துண்டில் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் எந்த நிற அரிசி என்று முடிவு செய்கிறார்கள். இலவசம் என்பதால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தொடங்கினேன், இப்போது மாறும் எண்ணமே இல்லை.

நான் அதிகம் பயன்படுத்துவது பாத் (அதாவது புள்ளிகளை இணைத்து வரையும் கோடு அல்லது வடிவம்) மெனுவில் உள்ள டிவிஷன் என்ற கட்டளை. மேலே இருக்கும் கோடு கத்தி, கீழே இருக்கும் வடிவம் வெட்டுப்படும், துண்டுகள் கீழ் வடிவத்தின் நிறத்தையே வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு பாத்தைத்தான் அது ஏற்கும். அதனால் வெட்டுக்கோடுகள் எல்லாவற்றையும் முதலில் கண்ட்ரோல் கே அழுத்தி ஒரே பாத்தாகச் சேர்த்துவிட்டு, அப்புறம் வடிவத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து டிவிஷன் கொடுத்தால், ஒரே அடியில் எல்லாத் துண்டும் வந்துவிடும். கோடுகள் வடிவத்தின் ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீண்டிருக்க வேண்டும். எழுத்து என்றால் முன்பே பாத்தாக மாற்றிவிடுங்கள், குரூப் என்றால் பிரித்துவிடுங்கள்.

2023-இல் வந்த 1.3 பதிப்பு எனக்குப் பெரிய நிம்மதி. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் பல வடிவங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஃபிராக்சர் கொடுத்தால், ஒன்றோடொன்று மேலே படாத துண்டுகளாக உடைத்துத் தருகிறது. தாமரை இதழ்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. அதே பதிப்பில் வந்த ஷேப் பில்டரும் நல்லதுதான், வேண்டிய துண்டுகள்மேல் இழுத்தால் சேர்ந்துகொள்ளும், ஷிஃப்ட் பிடித்தால் நீக்கும். பெரிய படத்தில் மட்டும் கொஞ்சம் திணறுகிறது.

இந்த வேலையில் முக்கியமானது வரிசை. சிம்பிளிஃபை செய்து புள்ளிகளைக் குறைப்பதென்றால் வெட்டும் முன்பே செய்துவிட வேண்டும். வெட்டிய பிறகு செய்தால் ஒவ்வொரு துண்டின் ஓரமும் தனித்தனியாக நகரும், பக்கத்துத் துண்டோடு இருந்த பொருத்தம் போய்விடும், நடுவில் இடைவெளி விழும். ஆனால் திரையில் துண்டுகளுக்கு நடுவே தெரியும் மெல்லிய வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓரங்களை மென்மையாக்கிக் காட்டுவதால் வருவது அது, பாத்தில் இடைவெளி இல்லை.

ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புவதென்றால் இன்னொன்று: பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்குப் பொதுவான ஓரம் இரண்டு முறை இருக்கும், கத்தி ஒரே இடத்தில் இரண்டு தடவை ஓடி அடித்தாளையும் அறுத்துவிடும். அதனால் நிறத்துக்கு ஒரு லேயர் (படத்தின் தனி அடுக்கு) வைத்து, ஒவ்வொரு லேயரையும் தனித்தனியாக அனுப்புகிறேன், ஒரே நிறத்தில் ஒட்டி இருப்பவற்றை யூனியன் கொடுத்து ஒரே வடிவமாக்கிவிடுகிறேன்.

இங்க்ஸ்கேப்பில் உள்ள வொரோனாய் என்ற கூடுதல் கருவியும் (எக்ஸ்டென்ஷன்) கண்ணாடிச் சில்லு மாதிரி அழகாகப் பிரித்துத் தருகிறது, பின்னணிக்கு நல்லது, கோலத்துக்கு ஒத்துவராது. அப்புறம், பிரிக்கும் முன் மூல வடிவத்தின் பிரதி ஒன்றைத் தனி லேயரில் பூட்டி வையுங்கள். மயில் கழுத்தைக் கொஞ்சம் நீட்டச் சொன்னால், துண்டுகளை இழுத்து ஒட்டவைப்பதைவிட மூலத்தைத் திருத்தி மறுபடி வெட்டுவதுதான் வேகம்.