எம்.ஆர்க். இங்கேயா, அமெரிக்காவிலா? தீசிஸை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கும்பகோணத்தில் ஓர் ஆர்க்கிடெக்டிடம் மூன்றாண்டுகள் வேலை பார்த்த பிறகு, மேற்படிப்புக்காக இரண்டு வழிகளை எதிரெதிரே வைத்துக்கொண்டு ஒரு கோடை முழுவதும் யோசித்திருக்கிறேன். ஒன்று, ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ள கல்லூரியில் கட்டடக்கலைக்கான இரண்டாண்டு முதுநிலைப் படிப்பான எம்.ஆர்க்.; மற்றொன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த சேர்க்கைக் கடிதம். முதலாவதைத் தேர்ந்தேன், முடித்தும்விட்டேன். ஆகவே இந்த அலசல் ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கும். அமெரிக்கப் பக்கம் பற்றிச் சொல்வதெல்லாம் விதிகளைப் படித்ததாலும், அங்கே படித்து முடித்த என் பி.ஆர்க். (கட்டடக்கலை இளநிலை) வகுப்புத் தோழியிடம் மணிக்கணக்கில் பேசியதாலும் தெரிந்துகொண்டவை. அங்கத்திய ஸ்டுடியோவில், அதாவது வடிவமைப்புப் பயிற்சி வகுப்பில், நான் ஓர் இரவுகூடக் கண்விழித்ததில்லை. மன்னார்குடியைச் சேர்ந்த, பி.ஆர்க். இறுதியாண்டில் இருக்கும் தம்பி ஒருவன் இதே கேள்வியோடு வந்ததால் எழுதிவைக்கத் தோன்றியது.

செலவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அங்கே படிக்க நிலத்தை அடமானம் வைக்க வேண்டும் அல்லது வங்கிக் கடன் வாங்க வேண்டும். இங்கே முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் என்னும் தேசியத் தேர்வின் வழியாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். விடுதிச் சாப்பாடு, வீட்டுச் சாப்பாடு என்பன போன்றவற்றையும் விட்டுவிடுகிறேன்.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, ‘தொழில்முறைப் பட்டம்’ என்ற சொல்லுக்கு இரு நாடுகளிலும் உள்ள பொருள் வேறுபாடு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி, ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்துக் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்துகொண்டவர், தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம். எம்.ஆர்க். பட்டத்தால் அந்த உரிமையில் ஒரு எழுத்தும் கூடுவதில்லை. ஒரு துறையில் ஆழம் பெறவும், பின்னாளில் கல்லூரியில் கற்பிக்கவும்தான் அது வேண்டும். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கட்டடக்கலைப் படிப்புகளை மதிப்பிடும் என்.ஏ.ஏ.பி. என்னும் அமைப்பு அங்கீகரித்த பட்டமே ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்யும் உரிமத்திற்கான நேர்வழி, எம்.ஆர்க்.கும் அந்த அங்கீகாரத்திற்குரிய பட்டங்களில் ஒன்று. வேறு துறையில் இளநிலை படித்தவர்கூட மூன்று அல்லது மூன்றரை ஆண்டுகளில் அதை முடித்து உரிமத்தை நோக்கி நடக்கலாம். கட்டடக்கலை சார்ந்த நான்காண்டு இளநிலை படித்தவருக்குப் பெரும்பாலும் இரண்டாண்டுகள் போதும்.

இங்கிருந்து பி.ஆர்க். முடித்துப் போகிறவர்கள் இதில்தான் இடறுகிறார்கள். நமக்கு அங்கே இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று, பி.ஆர்க். போன்ற தொழில்முறைப் பட்டத்தை ஏற்கெனவே பெற்றவர்களுக்கென நடத்தப்படும் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரையிலான முதுநிலை. காலம் குறைவு, படிப்பும் சுவையானது. ஆனால் அதற்கு என்.ஏ.ஏ.பி. அங்கீகாரம் கிடையாது. அதை முடித்து அங்கேயே உரிமம் பெற நினைப்பவர், தம் இந்தியப் பி.ஆர்க்.கைத் தனியே மதிப்பீட்டுக்கு அனுப்பி, குறைவென்று சொல்லப்படும் பாடங்களை ஈடுகட்ட வேண்டியிருக்கும். மற்றொன்று, அங்கீகாரம் பெற்ற நீண்ட எம்.ஆர்க்.கில் சேர்ந்து, ஏற்கெனவே படித்த பாடங்களுக்குச் சலுகை கேட்பது. எனக்கு வந்த கடிதம் இந்த இரண்டாம் வகை. அந்தச் சலுகையால் எத்தனை செமஸ்டர் குறையும் என்று கேட்டதற்கு, வந்து சேர்ந்த பின் பாடத்திட்டங்களையும் போர்ட்ஃபோலியோவையும் (என் வடிவமைப்புகளின் தொகுப்பு) பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று பதில் வந்தது. எப்போது முடியும் என்று தெரியாத படிப்புக்கு எவ்வளவு கடன் கேட்பது என்று வங்கி மேலாளர் கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

முடிப்பதற்கான நிபந்தனைகளில் அவர்களுடைய ஒழுங்கை மெச்சத்தான் வேண்டும். இளநிலையையும் சேர்த்து மொத்தம் 168 செமஸ்டர் கிரெடிட்டுகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவற்றில் குறைந்தது 30 முதுநிலைத் தரத்தில் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் அங்கீகார விதிகளின்படி, மாணவர் தம் வடிவமைப்பில் பயன்படுத்துவோரின் தேவை, சட்ட விதிகள், மனை நிலைமை, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, சுற்றுச்சூழல் பாதிப்பு ஆகியவற்றை ஒருங்கே கையாளத் தெரிந்தவர் என்று காட்ட வேண்டும். கட்டுமானம், வெளிச்சுவர், காற்று-ஒளி ஏற்பாடு, உயிர்ப்பாதுகாப்பு ஆகியவை ஒரே கட்டடத்தில் இணைந்திருப்பதையும் காட்ட வேண்டும். இறுதியில் தீசிஸ் (தனிப்பொருள் ஒன்றை ஆய்ந்து அறிக்கையும் வடிவமைப்பும் தருவது) எழுதுவதா, ஆய்வு ஸ்டுடியோ ஒன்றை முடிப்பதா என்ற தேர்வைச் சில பல்கலைக்கழகங்கள் மாணவரிடமே விட்டுவிடுகின்றன. என் தோழி ஸ்டுடியோவைத்தான் எடுத்தாள். பட்டத்தோடும் வேலை முடிவதில்லை: 3,740 மணி நேர அனுபவப் பதிவும் ஆறு பிரிவுகள் கொண்ட உரிமத் தேர்வும் அதற்குப் பின் வரிசையில் நிற்கின்றன.

நம்மூரில் நான்கு செமஸ்டர். ஸ்டுடியோ, விருப்பப் பாடங்கள், மூன்றாவதில் ஆய்வுக் கட்டுரை, நான்காவதில் தீசிஸ், இறுதியில் வெளித் தேர்வாளர் முன் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. வருகைப் பதிவு குறைந்தால் தேர்வெழுத முடியாது. அறிக்கை பிறர் எழுத்திலிருந்து எடுத்ததா என்று சோதனைக்கு அனுப்புவார்கள். 2018ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிப்படி ஒத்திருப்பு 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை, அதைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்திற்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், அதற்கும் மேல் 60 வரை என்றால் ஓராண்டு தள்ளிவைப்பு. உதவித்தொகை படிப்பின் காலத்திற்கு, அதாவது அதிகபட்சம் 24 மாதங்களுக்குத்தான். ஸ்டுடியோ, தேர்வு எல்லாம் எப்படியோ கடந்துவிடும். தீசிஸ் மட்டும் இழுத்துக்கொண்டு நின்றால் பட்டமும் இல்லை, மாதப் பணமும் இல்லை என்ற நிலை வந்துவிடும். என்னோடு படித்தவர்களில் தாமதமாக முடித்தவர்கள் எல்லோருமே தீசிஸில் மாட்டியவர்கள். பாடத்தில் தோற்றுத் தங்கியவர் ஒருவரும் இல்லை.

ஆகவே ‘எந்தக் கல்லூரி’ என்பதற்கு முன்னால் ‘எந்தத் தீசிஸ், அதன் சைட் (ஆய்வுக்கான இடம்) எங்கே, அந்தச் சைட் எந்த மாதத்தில் என் கைக்கு வேண்டும்’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. மற்ற எல்லாக் காரணங்களையும் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

என் தீசிஸின் பொருள், காவிரி டெல்டாவின் முற்றத்து வீடுகளில் வெப்பமும் காற்றும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றிலும் ஓட்டுத் தாழ்வாரம் என்று அரசலாற்றங்கரையில் இன்னும் நிற்கும் தெரு ஒன்றில் மூன்று வீடுகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றில் முற்றம் பழையபடி வானம் பார்த்திருந்தது. அடுத்த வீட்டில் குரங்குக்கும் மழைக்கும் பயந்து மேலே கம்பி அடித்து, அதன்மேல் ஃபைபர் ஷீட் போட்டிருந்தார்கள். மூன்றாவது, இடித்துவிட்டு முற்றமே இல்லாமல் கட்டிய கான்கிரீட் வீடு. மூன்றிலும் பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதியும் டேட்டா லாகர்களை வைத்தேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வகுத்துள்ள ஐந்து தட்பவெப்ப மண்டலங்களில் நம் பகுதி வெப்ப-ஈரப்பத மண்டலம். குடியிருப்புகளுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா இந்த மண்டலத்திற்குத் தரைப்பரப்பில் 16.66 விழுக்காடு அளவுக்குத் திறக்கக்கூடிய சன்னல்-கதவுப் பரப்பு வேண்டும் என்கிறது; மற்ற எந்த மண்டலத்திற்கும் இவ்வளவு கேட்கவில்லை. இங்கே சூட்டைத் தடுப்பதைக் காட்டிலும் காற்றை ஓடவிடுவதே முக்கியம் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. முற்றத்தின் வேலையும் அதுதான்.

இதில் பருவம் குறுக்கிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் மட்டும் அளந்தால், திறந்த முற்றம் ஜெயித்ததாக எழுதிவிடலாம். ஷீட் போட்ட வீட்டில் பகலில் ஏறிய சூடு இரவிலும் இறங்க மறுப்பதை லாகர் பதிவின் வரைகோடே காட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே முற்றம் வேறு முகம் காட்டும். கூடத்துச் சுவர் ஓதம் ஏறுகிறது, துணி காய்வதில்லை, ஷீட் போட்ட வீட்டுக்காரர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். இரண்டு பருவமும் இல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான். நம் கல்லூரி நாட்காட்டி இதற்கென்றே போட்டதுபோல் அமைந்திருக்கிறது. இரண்டாம் செமஸ்டர் முடிந்த மே மாத விடுமுறையில் கோடைக்கால அளவு. ஜூலையில் தொடங்கி நவம்பர் வரை ஓடும் மூன்றாம் செமஸ்டருக்குள்ளேயே வடகிழக்குப் பருவமழை. ஜனவரியில் தொடங்கும் நான்காம் செமஸ்டரில் உட்கார்ந்து வடிவமைப்பு. அமெரிக்க நாட்காட்டியில், மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை விடுமுறை உண்டு என்பதால் கோடையின் பின்பாதி கிடைத்துவிடும். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் கல்வியாண்டின் முதல் செமஸ்டர் உச்சத்தில் விழுகின்றன. டிசம்பர் நடுவில் விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தால் மார்கழிப் பனிதான் மிச்சம்.

கருவியை வைத்துவிட்டுப் போனால் போதாதா, இணையத்தில் இணைத்துவிட்டால் அங்கிருந்தே பார்க்கலாமே என்று தோழி கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஐப்பசியில் திறந்த முற்றத்து வீட்டின் லாகர், ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து மாறாத வெப்பநிலையைப் பதிய ஆரம்பித்தது. சனிக்கிழமை பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்தால், அந்த வீட்டு ஆச்சி, தாத்தாவின் திதிக்காக வீட்டைக் கழுவிவிடும்போது கூடத்துத் தூணில் கட்டியிருந்த அந்தச் சின்னப் பெட்டியை அவிழ்த்துப் பரணில் பித்தளை அண்டாவுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். “நனைஞ்சுடப் போவுதுன்னுதான் தம்பி எடுத்து வச்சேன்” என்றார். தவறு என்னுடையது, திதி எப்போது என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். நான்கு நாள் பதிவு போயிற்று, ஆனால் மழை இன்னும் மூன்று வாரம் மிச்சமிருந்ததால் ஈடுசெய்துவிட்டேன். எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அந்த நேர்கோட்டைப் பார்த்திருந்தால், அது அண்டாவின் வெப்பநிலை என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

வைவாவில் வெளித் தேர்வாளர் மழைக்காலப் பக்கங்களிலேயே முக்கால் மணி நேரம் நின்றார். கோடைக்கால வரைபடங்களை அவர் புரட்டக்கூட இல்லை. திறந்தும் மூடியும் வைக்கக்கூடிய மேற்கூரையை முற்றத்திற்கு நான் வரைந்திருந்ததற்கு, இரண்டு பருவத்து எண்களும் பக்கத்தில் இருந்ததால் பதில் சொல்ல முடிந்தது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். இங்கே தீசிஸின் இடைக்கால மதிப்பீடுகளான ரிவ்யூக்கள் குறித்த நாளில் நடப்பதில்லை. என் இரண்டாம் ரிவ்யூ மூன்று முறை தள்ளிப்போனது. கைடு, அதாவது வழிகாட்டும் ஆசிரியர், மாறியபோது புதியவர் தலைப்பையே மாற்றச் சொன்னார், கெஞ்சித்தான் காப்பாற்றினேன். காற்றோட்டத்தைக் கணினியில் கணிக்கும் மென்பொருளுக்கு ஆய்வகத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. உதவித்தொகைக்கு ஈடாக வாரந்தோறும் இளநிலை மாணவர்களின் ஸ்டுடியோவில் செய்த உதவி வேலை, சமர்ப்பிப்பு நெருங்கியபோது பாரமாக இருந்தது. தோழியின் படிப்பில் ஒரு ரிவ்யூகூடத் தள்ளிப்போகவில்லையாம். வெளியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்டுகள் அவளுடைய மாடலைச் சுற்றி நின்று பேசியதை இன்றும் சொல்லுவாள். வடிவமைப்புப் பயிற்சி என்ற அளவில் அங்கே கிடைப்பது மேலானதாக இருக்கலாம். ஒரே ஒருத்தியின் அனுபவத்தை வைத்து அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன்.

மன்னார்குடித் தம்பியின் நிலை என்னுடையதல்ல. அவனுக்குப் பெரிய மருத்துவமனைகளை வடிவமைக்கும் நிறுவனத்தில் சேர ஆசை, அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள், ஊரில் அளக்க வேண்டியது எதுவும் அவன் மனத்தில் இல்லை. அவன் போகலாம் என்றே சொன்னேன். இரண்டு காரியம் மட்டும் செய்யச் சொன்னேன். சேரப்போகும் பட்டத்தின் முழுப் பெயர் என்.ஏ.ஏ.பி. பட்டியலில் இருக்கிறதா என்று, பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து நிம்மதியடையாமல், எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். பி.ஆர்க். பாடத்திட்டங்களையும் ஸ்டுடியோ வரைபடங்களையும் இப்போதே தேதிவாரியாக அடுக்கி அனுப்பி, எத்தனை செமஸ்டர் குறையும் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வராவிட்டால் கேட் தேர்வுக்கும் விண்ணப்பித்து வைக்கலாம். அந்த மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும்.