லிஃப்ட் பயத்துக்கான நடத்தைச் சிகிச்சை: இரண்டு சேவைகள், ஒரு மதிப்பீடு

ஒன்பது ஆண்டுகளாக லிஃப்டுக்குள் கால் வைக்க முடியாமல் இருந்த நான், இரண்டு இடங்களில் நடத்தைச் சிகிச்சை பெற்றேன். முறை இரண்டிலும் ஒன்றுதான்: பயம் தரும் சூழல்களை எளிதானதிலிருந்து கடினமானது வரை வரிசைப்படுத்தி, பதற்றத்தை 0 முதல் 100 வரை மதிப்பிட்டபடி, விலகி ஓடாமல் ஒவ்வொன்றிலும் நிற்கப் பழகுவது. ஆயினும் முதல் இடத்தில் நான்காவது அமர்வோடு நின்றுவிட்டேன். இரண்டாவது இடத்தில் இறுதிவரை சென்றேன்.

முதல் சிகிச்சையாளர் விஷயம் அறிந்தவர், கடுமையாகவும் பேசியதில்லை. ஆனால் மூன்றாவது அமர்வில், கதவு திறந்திருக்க உள்ளே நிற்பது மட்டுமே அன்றைய பயிற்சி என்று பேசி வைத்திருந்தும், நான் அமைதியாக இருப்பதைக் கண்டு, கேட்காமலேயே பொத்தானை அழுத்திக் கதவை மூடினார். அதன் பிறகு லிஃப்டைப் பற்றி மட்டுமல்லாமல், அவர் அடுத்து என்ன செய்வாரோ என்பதைப் பற்றியும் நான் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது சிகிச்சையாளர் முதல் அமர்வு முழுவதையும் ஒரே கேள்வியில் செலவிட்டார்: உள்ளே சென்றால் என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்கள்? லிஃப்ட் அறுந்து விழும் என்றல்ல, நான் கத்திவிடுவேன், எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்றுதான் அஞ்சினேன் என்பது அன்றுதான் எனக்கே தெளிவாயிற்று. "நீங்கள் சொல்லாமல் கதவு மூடாது" என்றார். ஒருமுறைகூட அந்த வாக்கை மீறவில்லை. முதலில் அவர் உள்ளே நிற்க நான் பார்த்தேன். பிறகு இருவரும் சேர்ந்து நின்றோம். பிறகு அவர் மேல்மாடியில் காத்திருந்தார். கடைசியில் அந்தக் கட்டடத்திலேயே அவர் இல்லை. தொலைபேசியிலாவது உடனிருக்கும்படி கேட்டபோது மறுத்தார்: அப்படிச் செய்தால், எதுவும் நேராததற்குக் காரணம் தம் குரல்தான் என்று என் மனம் எண்ணிக்கொள்ளும் என்று விளக்கினார். அன்று வருந்தினேன்; இன்று, அவர் எனக்குச் செய்த பேருதவி அதுவே என்று கருதுகிறேன்.

பயம் தீர, உடனிருப்பவருடனான உறவு எவ்வளவு முக்கியம்? உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்ட ஆய்வில், முயலுக்கு அஞ்சிய சிறுவன் பீட்டர், தனக்குப் பிடித்த உதவியாளர் அருகில் இருந்தபோது பயம் குறைந்து காணப்பட்டான். மறுபுறம், 1970இல் உளவியலாளர் பீட்டர் லாங் குழுவினர், பாம்புக்கு அஞ்சியவர்களுக்குத் தானியங்கிக் கருவி மூலம் அளித்த பயிற்சியும் பலன் தந்தது. ஆகவே உறவின்றி எதுவும் நடக்காது என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் கருவி, சொன்னதை மீறி என் முன் கதவை மூடியிருக்காது. நம்பிக்கையைக் குலைக்கும் மனிதரைவிட அது மேல் என்றே என் அனுபவம் சொல்கிறது.

இரண்டாவது சேவையில் குறைகளும் உண்டு. நேரம் கிடைப்பது அரிது. வீட்டுப் பயிற்சிகளை எழுதித் தருவதில்லை, நாமே குறித்துக்கொள்ள வேண்டும். சேர்வதற்கு முன், பயிற்சியின் வேகத்தை யார் தீர்மானிப்பார்கள் என்று எந்தச் சிகிச்சையாளரிடமும் கேட்டுவிடுங்கள்.

சென்ற மாதம் நான் தனியாகச் சென்ற லிஃப்ட் இரு மாடிகளுக்கு இடையே சிறிது நேரம் நின்றுவிட்டது. பதற்றம் 70 வரை ஏறி, தானாகவே இறங்கியது. யாரையும் அழைக்கவில்லை, அடுத்த சந்திப்பில்தான் அவரிடம் சொன்னேன்.