பேல் பஜாரில் வாங்கிய பிள்ளைத் தூக்கப் பை: பால் குடித்தபடியே தூங்கும் பிள்ளைக்கு உதவுமா?

நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கம் இருக்கிற அம்மாமாருக்கு இந்தப் பையைத் தாராளமாகச் சொல்வேன், வாங்குங்கள். ஆனால் இதைப் போட்டுவிட்டதும் பிள்ளை தானாகத் தூங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குளிரைப் பை பார்த்துக்கொள்ளும், மிச்சத்தை நாம்தான் செய்ய வேண்டும். அந்த மிச்சத்தையும் சேர்த்தே எழுதுகிறேன், இல்லாவிட்டால் பையின் பயன் பாதிதான் புரியும்.

பொருள் இதுதான்: கையில்லாத நீளச் சட்டை, அடிப்பக்கம் மூடியது, முன்னால் கழுத்திலிருந்து கீழ்வரை சிப், இரண்டு துணிக்கு நடுவே மெல்லிய பஞ்சு வைத்துத் தைத்தது. கடையில் ஸ்லீப்பிங் பேக் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நுவரெலியாவில் குளிர் உடுப்பு விற்கிற பேல் பஜாரில் ஸ்வெட்டர், ஜாக்கெட் குவியலுக்குள் தேடினால் கிடைக்கும். லேபல் வெட்டியிருந்ததால் எந்தக் கம்பெனி என்று சொல்ல முடியவில்லை. 2,200 சொன்னார், பேசி 1,800 ரூபாய்க்கு வாங்கினேன்.

நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜனவரி பெப்ரவரியில் புல் மேலே துகள் பனி விழுகிற ஊர். தகரக் கூரைக்குக் கீழே அந்தக் குளிர் எப்படி இறங்கும் என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறவர்களுக்குத் தெரியும். என் ஒன்றரை வயசுப் பெண்பிள்ளை கம்பளியை உதைத்துத் தள்ளும், நாம் மூடுவோம், திரும்ப உதைக்கும், நடுச்சாமத்தில் கால் சில்லிட்டு எழும்பி உட்கார்ந்து அழும். எழும்பினால் அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து பால். இதில் குளிருக்கு எழும்பினாளா பாலுக்கு எழும்பினாளா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. பை வந்த பிறகுதான் அது பிரிந்தது. விடியப்புறம் குளிரில் எழும்புவது அநேகமாக நின்றுவிட்டது, பாலைத் தேடி எழும்புவது அப்படியே இருந்தது. எனக்கு இந்தப் பையின் பெரிய உபகாரமே இதுதான், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெளிவாகக் காட்டிவிட்டது.

பாலைத் தேடுவதற்குக் காரணம் பசி மட்டும் இல்லை. எல்லோருமே ராத்திரியில் பல தடவை பாதி விழித்துத் திரும்பத் தூங்குகிறோம், காலையில் ஞாபகம் இருக்காது. மார்பில் வாய் வைத்தபடி தூங்கின பிள்ளை அப்படிப் பாதி விழிக்கும்போது, தூங்கின நேரம் இருந்தது இப்போது இல்லையே என்று முழுசாக விழித்துவிடுகிறது. அதனால் நடுச்சாமத்தில் மல்லுக்கட்டுவதை விட, ராத்திரி முதல் தடவை தூங்கும் விதத்தை மாற்றுவதுதான் வழி. இவளால் முடியுமா என்ற சந்தேகம் எனக்கு இருக்கவில்லை. வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மற்றப் பிள்ளைகளோடு பாயில் படுத்து, பாலும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல் தூங்குகிறாளே! தோட்டத்தில் எத்தனையோ பிள்ளைகள் தினமும் அப்படித்தான் தூங்குகிறார்கள். அவளுக்குத் தூங்கத் தெரியும், என் பக்கத்தில் மட்டும்தான் பால் வேண்டும்.

அதனால் பாலை நிறுத்தவில்லை, இடத்தை மாற்றினோம். ராச்சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் முன் காம்பராவில், லைட் எரியும்போதே, கதிரையில் உட்கார்ந்து கடைசிப் பால். அவள் கண் சொருகுவதற்கு முன்பே முடித்துவிடுவேன். அப்புறம் பல் துலக்கி, முகம் கழுவி, பை. சிப் ஏறினால் இனிப் பால் இல்லை, படுக்கைதான் என்பது அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது, சில நாள் அவளே பையைத் தூக்கிக்கொண்டு வருவாள். பாலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே இப்படி ஒரு வேலை இருப்பது முக்கியம். கம்பளியால் அது நடக்காது, அதைப் பால் கொடுக்கும்போதே போர்த்திவிடுகிறோம். பால் கடைசி, பல் துலக்குவது அதற்குப் பிறகு என்றால் பல்லுக்கும் நல்லது.

படுக்க வைத்த பிறகு விட்டுவிட்டு வெளியே போய் அழ விடுகிற முறை லயத்துக்குச் சரிவராது. பக்கத்துக் காம்பராவில் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தூங்க வேண்டும், பிள்ளை அழுதால் நாலு வீட்டு ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். எனக்கும் அதில் மனம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்துத் தாலாட்டு, கொஞ்ச நாள் போனதும் கையை எடுத்துப் பாட்டு மட்டும், அப்புறம் கதவடியில் உட்காருவது. அழுதாள்தான், ஆனால் நான் அங்கேயே இருந்தேன். அவள் அப்பா கொழும்பிலிருந்து லீவில் வந்த நாட்களில் இன்னும் சுலபமாக நடந்தது, பால் வாசம் இல்லாத ஆளிடம் பால் கேட்க மாட்டாள். "புள்ள அழுவுது, பால குடுத்துரு தாயி" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார், பிறகு அவரே ஒரு நாள் பாடித் தூங்க வைத்துவிட்டார், அதற்குப் பிறகு எதிர்ப்பு இல்லை. காய்ச்சல், பல் முளைக்கிற நாட்களில் இந்த முறையெல்லாம் கிடையாது, கேட்டால் கொடுத்துவிடுவேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், தானாகத் தூங்கப் பழக்குவது வேறு, தாய்ப்பாலை மறக்க வைப்பது வேறு. இரண்டு வயசும் அதைத் தாண்டியும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, நம் கிளினிக்கிலும் அதையேதான் சொல்கிறார்கள். காலையிலும் வேலை விட்டு வந்ததும் அவள் இன்னும் குடிக்கிறாள். எடை சரியாக ஏறாத பிள்ளை என்றால் ராப் பாலில் கை வைப்பதற்கு முன் கிளினிக் புத்தகத்தோடு போய் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் இது காயவே காயாது, அடுப்புக்கு மேலே கட்டினால் புகை வாசம் பிடித்துக்கொள்ளும். முடிந்தால் இரண்டு வாங்குங்கள். என் பையில் சிப் மேலிருந்து மட்டும் திறக்கிறது, ராத்திரி ஈரமானால் பிள்ளையை முழுசாக வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது, தூக்கமும் போய்விடுகிறது. கீழிருந்தும் திறக்கிற சிப் கிடைத்தால் அதையே எடுங்கள்.

வாங்கும்போது பிள்ளையைக் கூட்டிப்போய்ப் போட்டுப் பாருங்கள். கழுத்து ஓட்டைக்குள் தலை இறங்கக் கூடாது, வளரட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுக்க வேண்டாம். லேபல் இருந்தால் டோக் என்று ஒரு எண் போட்டிருக்கும், பை எவ்வளவு சூடு தாங்கி வைக்கும் என்று அது காட்டும், 2.5 என்பது அறை 16 முதல் 20 பாகை வரை இருக்கும்போது, அதற்கும் குளிரென்றால் 3.5. பை போட்டால் மேலே கம்பளி வேண்டாம், தொப்பியும் வேண்டாம், பிடரியில் கை வைத்துப் பார்த்து வியர்த்திருந்தால் உள்ளே ஒரு உடுப்பைக் குறையுங்கள். உள்ளே கனம் வைத்துத் தைத்த பைகளும் விற்கிறார்கள், கைக்குழந்தைகளுக்கு அவை கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் சொல்லியிருக்கிறது. பெரிய பிள்ளைக்கும் நான் வாங்க மாட்டேன்.