ஒரு கணக்கு, மூன்று தலைப்பு: எஸ்பேஸ், டிஎம்1, ஒன்ஸ்ட்ரீம், அனாபிளான்

விற்ற சரக்கை லாரியில் ஏற்றி அனுப்ப வருடத்துக்கு 4 கோடி ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். கம்பெனிகள் சட்டம் 2013-இன் அட்டவணை III-இல் அது ‘இதர செலவுகள்’ பக்கம் போகும். தாய் நிறுவனம் செலவுகளை வேலைவாரியாகக் காட்டினால் அங்கே அது விநியோகச் செலவு. விற்பனைத் துறைக்கோ மாறும் செலவுகள் போக மிஞ்சும் கான்ட்ரிபியூஷன் வேண்டும். அதில் இது ஒரு கழிவு. லெட்ஜரில் இருப்பது ஒரே கணக்குதான். எஸ்பேஸ், டிஎம்1, ஒன்ஸ்ட்ரீம், அனாபிளான் போன்ற, பட்ஜெட் போடவும் (பிளானிங்) குழுமக் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கவும் (கன்சாலிடேஷன்) உதவும் மென்பொருளில் அதை மூன்று இடங்களில் காட்ட முடியுமா என்று கேட்டால், விற்க வருகிற எல்லோரும் முடியும் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒவ்வொருவரும் அதைச் செய்கிற விதம் வேறு. பின்னால் வரும் பராமரிப்பு வேலையும் வேறு.

2007-இல் ஹைப்பீரியனை வாங்கியபோது ஆரக்கிளிடம் வந்தது எஸ்பேஸ். இதில் கணக்கின் முதல் இடம்தான் அசல். மற்ற இடங்களில் இருப்பவை ‘ஷேர்டு மெம்பர்’கள், அசலைச் சுட்டிக்காட்டும், தனியாக எண் வைத்துக்கொள்ளாது. கூட்டல், கழித்தல் குறியை இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளலாம். நம் லாரிச் செலவு ‘இதர செலவுகள்’ கீழே கூட்டலாகவும், கான்ட்ரிபியூஷன் கீழே கழித்தலாகவும் இருக்கலாம். மாற்றுப் படிநிலையின் (வேலைவாரிப் பார்வை போல, அதே கணக்குகளை வேறு விதமாக அடுக்கும் இரண்டாவது மரம்) உச்சியில், மேலே கூட்டாதே என்று சொல்லும் ‘~’ குறியைப் போட மறந்தால், அது மேலே உள்ள மொத்தத்தில் சேர்ந்து அதே 4 கோடி இரண்டு தடவை ஏறிவிடும். மாதக் கடைசியில் எண் இரட்டிப்பாகத் தெரிந்தால் நான் முதலில் தேடுவது இந்தக் குறியைத்தான்.

ஐபிஎம்மின் டிஎம்1-இல் அசல், நகல் என்ற பேதமே கிடையாது. ஒரு உறுப்பை எத்தனை தலைப்பின் கீழும் போடலாம். ஒவ்வொரு இணைப்புக்கும் 1, -1, 0 என்று ஒரு எடை. மிக எளிது, அதனாலேயே கொஞ்சம் ஆபத்து. இரண்டு வழியாக ஒரே உச்சிக்குப் போனால் கேள்வி கேட்காமல் இரண்டு தடவை கூட்டும். பிளானிங் அனலிடிக்ஸ் என்று பெயர் மாறிய பிறகு, ஒரே டைமென்ஷனுக்குள் (கணக்குகள் போன்ற ஒரு உறுப்புப் பட்டியல்) பெயரிட்ட தனித்தனிப் படிநிலைகள் வைக்கும் வசதி வந்தது. சட்டப்படியானது ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று என்று பிரித்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். பழைய மாடல்களில் பெரும்பாலும் எல்லாம் ஒரே மரத்தில்தான் கிடக்கின்றன.

இந்த இரண்டிலும் ஒரு கணக்கை வேறு தலைப்புக்கு நகர்த்தினால் போன வருட அறிக்கையும் சேர்ந்து மாறும். ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட எண் அப்படியே நிற்க வேண்டுமென்றால், பழைய மரத்தை வருடப் பெயரோடு நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்ஸ்ட்ரீம் வேறு பிரச்சினையைக் குறிவைக்கிறது. குழும அளவில் ‘பயணச் செலவு’ என்று ஒற்றைக் கணக்கு போதும். ஒரு துணை நிறுவனத்துக்கு மட்டும் விமானம், ஓட்டல், டாக்ஸி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குழுமத்தின் கணக்குப் பட்டியலை அந்த நிறுவனம் வாங்கிக்கொண்டு, தனக்கு வேண்டிய அடிமட்டக் கணக்குகளைக் கீழே நீட்டிக்கொள்ளலாம். குழுமத்தில் அடிமட்டமாக இருப்பது இங்கே தலைப்பாகிவிடும். மற்ற நிறுவனங்களின் கண்ணில் இந்த நுணுக்கம் படாது. வருமானம், செலவு என்று கணக்கின் வகையைச் சொல்லிவிட்டால் கழிப்பதா கூட்டுவதா என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். பல நாடுகளில் பல துணை நிறுவனங்கள், ஆளுக்கொரு கணக்குப் பட்டியல் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். நிறுவனம் ஒன்றே ஒன்று என்றால் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை, டிஎம்1 போதும்.

அனாபிளானில் ஒரு லிஸ்ட் உறுப்புக்கு ஒரே பேரண்ட் (மேல் தலைப்பு) தான். இரண்டாவது பார்வைக்குத் தனி லிஸ்ட், எந்தக் கணக்கு எந்தத் தலைப்புக்கு என்று சொல்லும் ஒரு மேப்பிங், அப்புறம் ‘சம்’ ஃபார்முலா. விற்பனைத் திட்டம், ஆள் தேவைத் திட்டம் போன்றவற்றுக்கு அருமையான கருவி. கணக்குப் படிநிலை அடிக்கடி மாறும் இடத்தில் அந்த மேப்பிங்கைப் பார்த்துக்கொள்ளவே ஒரு ஆள் வேண்டும்.

இத்தனை பேசினாலும் நான்கும் கைவிரிக்கும் இடம் ஒன்று உண்டு. சர்வதேச நிதி அறிக்கைத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 18 லாப நட்டக் கணக்கை இயக்கம், முதலீடு, நிதி என்று வகை பிரிக்கச் சொல்கிறது. வாடிக்கையாளர் தர வேண்டிய டாலரில் வந்த மாற்று விகித நட்டம் இயக்கத்தில் போகும். வாங்கிய டாலர் கடனில் வந்தது நிதியில். லெட்ஜரில் இரண்டும் ‘அந்நியச் செலாவணி லாப நட்டம்’ என்ற ஒரே கணக்கில் விழுகின்றன என்றால், எத்தனை மரம் கட்டினாலும் பிரிக்க வழியில்லை. மரம் முழுக் கணக்கைத்தான் தூக்கிப்போகும். பிரிவினை ஈஆர்பியில் (லெட்ஜர் இருக்கும் மூல மென்பொருள்), பதிவு போடும்போதே நடக்க வேண்டும். 2027 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் ஆண்டுகளுக்கு இந்தத் தரம் பொருந்தும். ஒப்பீட்டு ஆண்டையும் புதிய முறையில் காட்ட வேண்டும் என்பதால், காலண்டர் ஆண்டு வைத்திருக்கும் குழுமத்துக்கு 2026-இன் பதிவுகளே பிரிந்திருக்க வேண்டும்.